மலைக்குக் கட்டும் மூட்டை
(இளம் அறிவியல், இயற்பியல் – இரண்டாம் ஆண்டு மாணவி)

கள்ளக்குறிச்சியில் வானம் தெளிந்திருக்கும் நாளில் மேற்கே பார்த்தால், நீல வரப்புக் கட்டியதுபோல் கல்வராயன் மலை தெரியும். நாள்தோறும் நாம் பார்க்கும் மலைதான். ஆனால், "அந்த மலையில் ஒரு வாரம் தங்கி வரவேண்டும்" என்று யாராவது சொல்லிவிட்டால், அதுவரை பழகிய மலை புதிய மலையாகிவிடுகிறது. எதை எடுத்துக்கொண்டு போவது, எதை விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விகள் வரிசையாக எழுகின்றன.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் உறுப்பினர்களுக்கு உரியவை. மலையடிவாரத்திலோ மலையூரிலோ முகாம் என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் வகுப்பில் நன்கு உழைக்கக்கூடிய சிலர் பெயர் கொடுக்காமல் ஒதுங்கினார்கள். காரணம் கேட்டால் வீட்டு வேலை என்றார்கள். நெருங்கிக் கேட்டபோதுதான், "எனக்கு ஷூ இல்லை, முதுகில் மாட்டும் பெரிய பை இல்லை, ஸ்லீப்பிங் பேக் என்றால் என்னவென்றே தெரியாது" என்ற உண்மை வெளிவந்தது.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எங்களைப் போன்றோருக்கு இவற்றையெல்லாம் சொல்லித்தர அண்ணனோ அக்காளோ முன்னால் போயிருப்பதில்லை. கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் விலையைப் பார்த்தே, இது நமக்கு உரியதன்று என்று திரும்பிவிடுகிறோம். அந்த எண்ணம் தவறு என்பதை விளக்கவே இக்கட்டுரை. மலையில் நம்மைக் காப்பது விலை உயர்ந்த பொருள் அன்று. என்ன நேர்ந்தாலும் நனையாத ஒரு செட் உடையும், சுமந்து நடக்கக்கூடிய ஒரு மூட்டையுமே. இவ்விரண்டையும் வீட்டில் உள்ளவற்றைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாம்.

நாம் போகும் இடம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாகச் சொல்வர். பெரும்பாலான ஊர்கள் 2,000 அடி முதல் 3,000 அடி வரையுள்ள உயரத்தில் இருக்கின்றன. அதற்கு மேற்பட்ட இடங்களும் உண்டு. 2019ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினால் வெள்ளிமலையை அடையலாம். மலையின் மறுபக்கம், கருமந்துறை முதலிய ஊர்கள் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் இங்கு சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கின்றனர். கடுக்காய்க்கும் இம்மலை பெயர் பெற்றது.

மூட்டை கட்டுபவர் முதலில் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, இது ஓடைகளின் மலை. கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகளுக்கு நீர் தருவது இம்மலைதான். பெரியார் அருவி, மேகம் அருவி போன்றவை இங்கே விழுகின்றன. தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் ஆகிய இரண்டும் இங்கே பெய்யும். ஆகவே, "மழை வராது" என்று நம்பிக் கிளம்பக்கூடிய மாதங்கள் குறைவு.

இரண்டாவது, குளிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று படித்திருக்கிறோம். நாம் தங்கும் ஊர் கள்ளக்குறிச்சியைவிட 700 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், இங்கே 22 டிகிரியாக இருக்கும் இரவு அங்கே 17 அல்லது 18 டிகிரியாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் இன்னும் இறங்கும். காய்ந்த உடம்புக்கு இது இதமான குளிர். நனைந்த உடம்புக்கோ நிலைமை வேறு.

நீர்வழிப் பயணிகள் கற்றுத்தரும் பாடம்

காட்டுக்கும் நீருக்கும் சேர்த்து மூட்டை கட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் வட அமெரிக்காவின் ஏரி நாட்டினர். அங்கே கேனூ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் நாட்கணக்கில் போய், கரையோரக் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கனடா எல்லையையொட்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் உள்ள வனப்பகுதி ஒன்று இதற்கெனவே காக்கப்படுகிறது. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் இடம் வரை தரைவழி. அங்கே படகையும் மூட்டையையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும். இதைப் போர்ட்டேஜ் என்பர். அவ்வழியின் நீளத்தை மைலால் அளக்காமல் 'ராடு' என்னும் பழைய அளவையால் அளப்பார்கள். ஒரு ராடு பதினாறரை அடி. ஏறக்குறைய ஒரு படகின் நீளம்.

முற்காலத்தில் இவ்வழியே தோல் வணிகம் செய்த நிறுவனங்களின் படகாட்கள், 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோ எடையுள்ள கட்டுகளை இரண்டிரண்டாகச் சுமந்தார்கள். அது கூலிக்குச் சுமந்த சுமை. தம் விருப்பத்தால் போவோர் அப்படிச் சுமக்க வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டு டுலூத் நகரில் காமில் புவாரியே என்பவர் தோள்வார் வைத்த கித்தான் பை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். படகின் அடியில் படியவும் முதுகில் ஏறவும் ஏற்ற அந்தப் பை அவ்வூர்ப் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. அந்த மின்னசோட்டா வனப்பகுதிக்குள் உணவைத் தகர டப்பாவிலும் கண்ணாடிப் புட்டியிலும் கொண்டுபோக அனுமதியில்லை. காலி டப்பாவைக் காட்டில் எறிந்துவிட்டு வரக்கூடாதல்லவா?

இவ்வளவு தூரம் போவானேன்? நம் ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுபவரைப் பார்த்தாலே போதும். மூங்கிலால் முடைந்த பரிசலில் நம்மை ஆற்றில் இறக்கிக் கூட்டிச் செல்கிறார். எதிர்நீரில் துடுப்புப் போட முடியாத இடத்தில் அதே பரிசலைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாக நடக்கிறார். தன்னால் தூக்க முடியாத வாகனத்தை அவர் செய்துகொள்வதில்லை.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று கேள்விகள். மூட்டையில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து இவற்றைக் கேட்க வேண்டும்: இதை நான் சுமக்க முடியுமா? இது நனைந்தால் என்ன ஆகும்? இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? மூன்றாம் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது" என்று விடை வந்தால் அப்பொருளை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

ஈரம் ஏன் பகை?

"சிறிது நனைந்தால்தான் என்ன, காய்ந்துவிடாதா?" என்று கேட்போர் உண்டு. காய்வதற்கு யார் வெப்பம் தருகிறார் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கிராம் நீர் உடம்பின் மேல் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. நனைந்து பிழிந்த ஒரு சட்டையில் 200 கிராம் நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அது முழுதும் ஆவியாக 200 × 580 = 1,16,000 கலோரி, அதாவது 116 கிலோ கலோரி வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் 60 அல்லது 70 கிலோ கலோரிதான். வெயில் இருந்தால் இந்த வெப்பத்தின் பெரும்பகுதியைச் சூரியன் தரும். வெயில் இல்லாத மாலையில் அதை நம் உடம்பிலிருந்தே சட்டை எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு வகையிலும் பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பு வெப்பநிலை ஒரு டிகிரி இறங்க ஏறத்தாழ 41 கிலோ கலோரி இழக்கப்பட வேண்டும். அப்படியானால் 116 கிலோ கலோரி என்பது ஏறக்குறைய மூன்று டிகிரிக்குச் சமம். உடம்பு புதிதாக வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் நாம் உடனே அவ்வளவு குளிர்ந்துவிடுவதில்லை. ஆனால் களைத்து, பசித்து, காற்றில் நிற்பவரால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது நோய்நிலை. விடாத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை ஆகியவை அதன் அறிகுறிகள். பனிமலையில்தான் இது வரும் என்று எண்ண வேண்டா. மழையும் காற்றும் களைப்பும் ஒன்று சேர்ந்தால் நம் மலைகளிலும் வரலாம்.

மேலும், நம்மைக் கதகதப்பாக வைத்திருப்பது துணி அன்று. துணி இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீரோ காற்றைப்போல் 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். துணி நனையும்போது காற்று இருந்த இடத்தில் நீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. போர்வை நனைந்தால் அது போர்வையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது என்பதே இதன் பொருள்.

எந்தத் துணி?

பருத்தி நமது நாட்டுத் துணி. வெயிலுக்கு அதற்கு இணையில்லை. ஆனால் அது நீரை விரும்பி உறிஞ்சும், விடத் தயங்கும். சாதாரணக் காற்றிலிருந்தே பருத்தி தன் எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தை ஏற்கிறது. பாலியெஸ்டர் ஏற்பது 0.4 விழுக்காடுதான். 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த துணி அச்சு நிறுவனத்தில் பணிபுரிந்த வின்ஃபீல்டு, டிக்சன் ஆகிய இருவர் கண்டறிந்த இழை இது. டெரிலின், டெரிகாட்டன் என்ற பெயர்களில் நம் தாத்தாக்கள் பெருமையாக உடுத்தியதும் இதையே. கம்பளி 16 விழுக்காடு ஈரத்தை ஏற்றாலும், அதன் இழை சுருள் சுருளாக இருப்பதால் ஈரத்திலும் ஓரளவு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆடு மேய்ப்பவர் தோளில் கம்பளி கிடப்பது காரணமின்றி அன்று.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான் ஒரு பாலியெஸ்டர் சட்டையையும் அண்ணனின் ஜீன்ஸ் காற்சட்டையையும் ஒரே வாளியில் நனைத்துப் பிழிந்து, நிழலில் ஒரே கொடியில் போட்டேன். சட்டை மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டியிலும் பையோரத் தையலிலும் மறுநாள் காலையிலும் ஈரம் இருந்தது. படமெடுக்க அழகான ஜீன்ஸ், ஓடை தாண்டும் வழிக்கு உதவாது. நனைந்தால் கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும்.

பாலியெஸ்டருக்கும் ஒரு குறை உண்டு. அது ஏறத்தாழ 260 டிகிரியில் உருகும். தீப்பொறி பட்டால் பருத்தியைப்போல் கருகாமல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நடக்கும்போது பாலியெஸ்டர் கலந்த உடை, அடுப்படியில் நிற்கும்போது பருத்தி உடை என்று பிரித்துக்கொள்ளுதல் நலம். முகாமில் சமையல் முறை வரும் நாளில் நைலான் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

உடைகள் எத்தனை?

ஏழு நாளுக்கு ஏழு செட் என்று கணக்கிடுவதே மூட்டை பெருத்துப்போவதற்கு முதற்காரணம். மூன்றே செட் போதும்.

1. நடைக்கும் வேலைக்கும் ஒன்று. சேறும் வியர்வையும் இதற்கு உரியவை. முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை மூடும் கீழாடையும் முள்ளிலிருந்தும் கொசுவிலிருந்தும் காக்கும்.

2. மாற்றாக ஒன்று. முதலாவதைத் துவைத்துக் காயப்போடும் நாளில் உடுத்த.

3. இரவுக்கு ஒன்று. இதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி. இந்தச் செட்டை உறங்கும் இடத்துக்கு வெளியே உடுத்தவே கூடாது. பகலில் எவ்வளவு நனைந்தாலும், "எல்லாம் நனைந்துவிட்டதே, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?" என்று மனம் கேட்டாலும், எடுக்கக்கூடாது. காலையில் மறுபடி ஈர உடையை உடுத்துவது வெறுப்பாகத்தான் இருக்கும். நடக்கத் தொடங்கிய பத்து நிமிடத்தில் அந்த வெறுப்பு போய்விடும். காய்ந்த உடையும் நனைந்துபோன இரவோ விடியும்வரை போகாது.

இவற்றுடன் உள்ளாடை மூன்று அல்லது நான்கு, காலுறை இரண்டு சோடி, காது மூடும் மப்ளர் அல்லது ஒரு பெரிய துண்டு, இருந்தால் ஒரு ஸ்வெட்டர். துண்டைப்போல் பல வேலை செய்யும் பொருள் வேறில்லை. துவட்டவும், தலைக்குக் கட்டவும், சும்மாடாகச் சுருட்டவும், கை முறிந்தால் தொங்கவிடத் தூளியாகவும் அது உதவும். லுங்கியும் அப்படியே: உடை மாற்றும் மறைப்பாகும், இரவில் விரிப்பாகும்.

தோழியருக்குச் சில சொற்கள். சேலையும் நீளப் பாவாடையும் ஓடையில் காலைச் சுற்றும். தளர்ந்த சுடிதாரே வசதி. மாதவிலக்கு நாள் அல்லவென்றாலும் அதற்குரிய துணியோ அணையாடையோ கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். மலை ஏறும் அலைச்சலில் நாள் முன்பின் ஆவதுண்டு. நமக்குத் தேவையில்லாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவளுக்குத் தேவைப்படும். பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றித் தனிப் பையில் வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். ஓடையோரம் எறிதல் தகாது. இதைப் பேசக் கூச்சப்பட்டு முகாமையே விட்டுவிடும் மாணவியர் இருக்கிறார்கள். ஆகவேதான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

காலுக்கு விலை உயர்ந்த பூட்ஸ் தேவையில்லை. பள்ளி நாளில் போட்ட கான்வாஸ் ஷூ, அடிப்பாகம் தேயாமல் இருந்தால் போதும். புதிய காலணியை முகாமன்று முதன்முதலாகப் போட்டால் கொப்புளம் நிச்சயம்; இரண்டு வாரம் முன்னரே போட்டுப் பழக வேண்டும். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டே காலை நுழைக்க வேண்டும். தேளுக்கும் ஷூ பிடித்தமான வீடு.

நனையாத மூட்டை

கடையில் கிடைக்கும் நீர்புகாப் பை விலை உயர்ந்தது. நம் வீடுகளில் யூரியா மூட்டையின் உள்ளே வரும் பாலிதீன் உறை இருக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தால் அதுவே நீர்புகாப் பை. ஆனால் அதில் துணியை மட்டும் வைக்க வேண்டும். உணவுப் பொருளை வைக்கக்கூடாது. ஓட்டை இருக்கிறதா என்பதை ஊதி வாயை முறுக்கித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பையின் வெளியே உறை போடுவதைவிட உள்ளே உறை போடுவதே சிறந்தது. வெளியுறையை முள் கிழிக்கும். உள்ளுறைக்கு முள் எட்டாது. இரவு உடையையும் போர்வையையும் ஓர் உறையில் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கயிற்றால் கட்ட வேண்டும். மற்ற துணிகளை இன்னோர் உறையில் வைக்கலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆர்க்கிமிடிஸ் விதிப்படி, 40 லிட்டர் கனஅளவுள்ள பை முழுதும் மூழ்க 40 கிலோ நீரை விலக்க வேண்டும். அதன் எடையோ 9 கிலோ. எனவே காற்று அடைபட்ட மூட்டை ஓடையில் விழுந்தாலும் மிதக்கும். கிணற்றில் நீச்சல் பழகச் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த விதி புதிதன்று.

அடுக்கும் முறை இது: அடியில் போர்வையும் இரவு உடையும், நடுவில், முதுகை ஒட்டினாற்போல், கனமான பொருள்கள், வெளிப்புறம் இலேசானவை, எல்லாவற்றுக்கும் மேலே மழைக்காப்பும் தின்பண்டமும் முதலுதவியும். கனம் முதுகைவிட்டுத் தள்ளியிருந்தால் நம்மைப் பின்னுக்கு இழுக்கும், அதற்கு ஈடாக முன்னே குனிவோம், இடுப்பு வலிக்கும். நெம்புகோல் பாடத்தில் படித்த அதே திருப்புத்திறன்தான். மழை வந்த பிறகு நடுரோட்டில் மூட்டையைப் பிரித்து மழைக்காப்பைத் தேடுவோர் அதற்குள் நனைந்துவிடுவர்.

மழைக்காப்பாகப் பெரிய பாலிதீன் தாள் ஒன்று போதும். நம் வயல்களில் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியைப் போலவே அதையும் மடித்துப் போட்டால் தலையும் முதுகும் மூட்டையும் சேர்ந்து மறையும். இரு கைகளும் வேலைக்கு மிஞ்சும். குடை ஒரு கையைப் பறித்துக்கொள்ளும். இரவில் அதே தாள் தரை ஈரம் ஏறாமல் பாய்க்கு அடியில் விரிப்பாகும்.

எடைக் கணக்கு

உடம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கலாகாது என்பது நடைப் பயணிகளின் பொது விதி. 45 கிலோ எடையுள்ளவர் 9 கிலோ சுமக்கலாம். அதைப் பின்வருமாறு பங்கிடலாம்:

வெறும் பை – 1 கிலோ
உடைகள் – ஒன்றரை கிலோ
போர்வை, பாய் – ஒன்றரை கிலோ
மழைத்தாள், கயிறு – அரை கிலோ
தண்ணீர் இரண்டு லிட்டர் – 2 கிலோ
தின்பண்டம் – 1 கிலோ
தட்டு, டம்ளர் – அரை கிலோ
டார்ச், மருந்து, சோப்பு – அரை கிலோ
நோட்டு, பேனா முதலியன – அரை கிலோ

மொத்தம் 9 கிலோ. இதில் தண்ணீரைக் குறைக்கக்கூடாது. குறைக்க வேண்டுமானால் உடையில் குறைக்கலாம். தின்பண்டத்தில் கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் ஆகியவை சமைக்காமலே பசி போக்கும்; உடம்புக்கு உடனே வெப்பம் தரும். மருந்துப் பொட்டலத்தில் பஞ்சு, கட்டுத் துணி, கிருமிநாசினி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தாம் வழக்கமாக உண்ணும் மாத்திரை ஆகியவை போதும். பாம்பு கடித்தால் கீறவும் உறிஞ்சவும் இறுகக் கட்டவும் கூடாது. அதற்குரிய மருந்து மருத்துவமனையில்தான் இருக்கிறது. கடிபட்ட காலை அசைக்காமல் விரைந்து அங்கே கொண்டுசேர்க்க வேண்டும். இருட்டில் டார்ச் இல்லாமல் ஓரடியும் வைக்காதிருப்பது அதைவிடச் சிறந்த மருந்து.

கயிறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். துணி காயப்போடத்தான். மலையில் புதர்மேலும் புல்மேலும் துணியை விரிப்பது எளிது. ஆனால் உண்ணிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்லப்படும் ஸ்க்ரப் டைபஸ் நோயைப் பரப்பும் நுண்ணிய பூச்சிகள் வாழ்வது அத்தகைய புதர்களில்தான். இரு மரங்களுக்கிடையே கட்டிய கயிறு அந்த இடரைத் தவிர்க்கும்.

சில பொருள்களை ஆளுக்கு ஒன்றாகச் சுமப்பது வீண். பத்துப் பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு அரிவாள்மணை, இரண்டு தூக்குச்சட்டி, ஒரு நீண்ட கயிறு என்று பொதுவாக வைத்துக்கொண்டு முறைபோட்டுச் சுமக்கலாம். போர்வை இல்லாதவருக்கு இரண்டு வைத்திருப்பவர் ஒன்று தரலாம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் எல்லோரும் கூடி மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். யாரிடம் என்ன இல்லை என்பது யாருக்கும் கூச்சமில்லாமல் அங்கே தெரிந்துவிடும். அங்கேயே தீர்ந்தும் விடும்.

மூட்டையில் அடங்காதவை

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் மூட்டை நம்மைக் காக்காத இடங்கள் இரண்டு: வெள்ளம், தீ.

மேலே பெய்யும் மழை நமக்குத் தெரியாது. கீழே ஓடை திடீரென்று ஏறும். 2024ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வட மாவட்டங்களில் பெய்த பெருமழையையும், திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து உயிர்கள் போனதையும் நாம் மறந்துவிடவில்லை. ஓடை நீர் கலங்கியிருந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, இழுக்கும் நீர் முழங்காலைத் தொட்டாலோ இறங்கக்கூடாது. கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் துணை நிற்பவைதான் மழைத்தாளும் கடலை மிட்டாயும் காய்ந்த உடையும். இறங்கித்தான் ஆகவேண்டுமானால் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கொண்டு, கையில் கம்பு ஊன்றி, பையின் இடுப்புவாரை அவிழ்த்துவிட்டு இறங்க வேண்டும். கால் வழுக்கினால் மூட்டையை உதறிவிட்டு நாம் எழலாம். மூட்டை போனால் போகட்டும்.

தீ கோடைக்கு உரியது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் நம்மைவிடச் சில வயது மூத்த இளைஞர்கள். அதன்பின் அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் மேற்பார்வையில் 40 வழித்தடங்களைக் கொண்ட மலையேற்றத் திட்டமும் தொடங்கப்பட்டது. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்பது வெறும் சடங்கன்று. நாம் எங்கே போயிருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். அந்தத் தாளும் மூட்டையின் ஒரு பகுதியே. சருகு காய்ந்த மாதங்களில் தீப்பெட்டி சமையற்காரர் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

முடிவாக

மேலே சொன்ன பொருள்களில் கடையில் புதிதாக வாங்க வேண்டியவை மிகச் சில. உறை வயலிலிருந்து வருகிறது. போர்வை பரணிலிருந்து வருகிறது. துண்டு கொடியிலிருந்து வருகிறது. அவலும் கடலையும் அம்மாவின் டப்பாவிலிருந்து வருகின்றன. நம்மிடம் இல்லை என்று எண்ணியிருந்தவை பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றை அடுக்கும் முறையும், இரவுச் செட்டை நனைய விடாத உறுதியும்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. அவற்றுக்கு விலையில்லை.

திரும்பி வரும்போது மூட்டை எடை குறைந்திருக்கும், உணவு தீர்ந்திருக்கும். காலியான உறைகளையும் தாள்களையும் அந்த இடத்தில் வைத்துக் கொண்டுவந்து சேர்ப்போம். நாம் ஒரு வாரம் தங்கிவிட்டு வரும் ஊரில் அம்மக்கள் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள். அவர்கள் குடிக்கும் ஓடை நாம் குளித்த ஓடைதான்.

அடுத்த முகாமுக்கான அறிவிப்பு விரைவில் பலகையில் ஒட்டப்படும். ஷூ இல்லை, பை இல்லை என்று தயங்கி நிற்கும் தோழர் யாரேனும் இதைப் படித்தால், முதலில் பெயரைக் கொடுங்கள். மூட்டையைச் சேர்ந்து கட்டிக்கொள்வோம்!